முதல் குடத்துக் கேள்வி

கிடங்குத் தெருவின் கடைசிக் குழாய் பேசத் தொடங்கிய காலையில் முதலில் எரிச்சல்பட்டவள் சந்தனமாரிதான், ஏனென்றால் அது பேசி முடிக்கும்வரை தண்ணீர் வரவில்லை.

நத்தக்குளம் நகராட்சியில் கிடங்குத் தெருவுக்கு வாரத்துக்கு ஒரு தரம்தான் தண்ணீர் விடுவார்கள். விடுவதற்கு முன்னால் குழாய் இருமும். வாரம் முழுக்கக் காலியாகக் கிடந்த குழாய்க்குள் புகுந்து உட்கார்ந்துகொண்ட காற்றைப் பின்னாலிருந்து தண்ணீர் தள்ள, அது புஸ்ஸென்று சீறி, கொர்ரென்று கனைத்து, நின்று, மறுபடியும் சீறி, கடைசியில் செம்மண் நிறத்தில் ஒரு வாய் துப்பிவிட்டுத்தான் வழிக்கு வரும். இரண்டு பக்கமும் பருப்பு ஆலைகளும் அவற்றின் கிடங்குகளுமாக இருந்த அந்தத் தெருவில், ஆலைக்குப் பருப்புப் புடைக்கப் போகும் பெண்கள் எல்லோரும் அந்தச் சீறலைக் கேட்டுத்தான் குடத்தை நகர்த்துவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் நகர்த்தினார்கள். முதல் குடத்துக்காரியான குருவம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்த்துக் கேட்காமல் பொதுவாகச் சலித்துக்கொண்டாள்.

"இந்தப் பருப்பு மட்டும் ஏந்தான் இப்பிடிப் பொங்கி அடுப்ப அணைக்குதோ."

குழாய் சீறியது. சீறல் நீண்டது, நீண்டு வளைந்து வார்த்தையானது.

"வேகும்போது பருப்பிலிருந்து பசை இறங்குகிறது. அது தண்ணீர்மேல் தோல் மாதிரிப் படிகிறது. அடியிலிருந்து வரும் ஆவிக்கு வெளியே போக வழி இல்லை. அதனால் தோலையும் தூக்கிக்கொண்டு வருகிறது."

பிறகு தண்ணீர் வந்தது.

"தண்ணி வாற நேரத்துல என்ன பேச்சு," என்றாள் இரண்டாவது குடத்துக்காரியான சந்தனமாரி. "குருவக்கா, கொடத்த உள்ள தள்ளு. வழியுது பாரு."

குருவம்மாள் குடத்தைத் தள்ளாமல் யோசித்துக்கொண்டு நின்றாள். "அட, ஆமா," என்றாள். "தோலுதான். நானே கரண்டியில எடுத்துப் போட்டிருக்கனே."

வரிசை நகர்ந்தது. நாலைந்து குடம் நிரம்பிய பிறகுதான் பின்னாலிருந்து யாரோ, "கொழாயா பேசுச்சு?" என்று கேட்டார்கள். "பின்ன நானா பேசுனேன்," என்றாள் குருவம்மாள். ஆலையில் சங்கு ஊதும் நேரமாகிவிட்டதால் அன்றைக்கு அதோடு விட்டுவிட்டார்கள்.

வரிசையில் ஒருத்தி மட்டும் தன் குடத்தை நகர்த்த மறந்து நின்றாள். அவள் பேச்சியம்மாளின் மகள் நாகஜோதி. அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள், இயற்பியல் படித்தவள், படித்து முடித்துவிட்டு ஒரு தேர்வு எழுதி அதன் முடிவுக்காகவும் இன்னொரு தேர்வின் அறிவிப்புக்காகவும் காத்திருந்தவள். அவள் காத்திருந்த அந்தக் காலம் முழுக்கத் தண்ணீர் வரிசையில் கேள்வி என்று ஒன்று எழுந்தால் அது அவளிடம்தான் வந்தது. செல்போன் ஏன் சுடுகிறது, இடிக்கு முன்னால் மின்னல் ஏன் தெரிகிறது, கரண்டுக் கம்பியில் உட்கார்ந்த காக்காய் ஏன் சாகவில்லை என்று கேட்டார்கள், அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள், டீச்சர் வருகிறவரை அவள் குடத்துக்கு வரிசையில் இடம் விட்டுவைத்தார்கள். ஒன்று தெரியாவிட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்று போய், தேடிப் படித்து, கேட்டவள் கேட்டதையே மறந்துபோயிருந்தாலும் வீடு தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். போன மாதம் குருவம்மாள் இதே பருப்புக் கேள்வியை அவளிடம் கேட்டிருந்தாள். மாவுச்சத்து, புரதம், பரப்பு இழுவிசை என்று நாகஜோதி சொன்னாள். வீட்டுக்குப் போன பிறகு ஒன்றை விட்டுவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ள, சாயங்காலம் திரும்பப் போய் அதையும் சொன்னாள். "சரி தாயி, சரி தாயி," என்றாள் குருவம்மாள். இன்றைக்கு அதே கேள்வியை ஒருவரிடமும் கேட்டே இராதவள் மாதிரி காற்றிடம் கேட்கிறாள், கேட்டுவிட்டு, அட, ஆமா என்கிறாள். அந்த 'அட, ஆமா' நாகஜோதிக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அடுத்த வாரத்துக்குள் தெரு தனக்கு ஒரு ஒழுங்கு செய்துகொண்டது. குழாயில் அடைபட்டிருக்கும் காற்று ஒரு பதிலுக்குத்தான் காணும் என்பதால் ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி. முதல் குடம் வைத்தவள் எவளோ அவளுக்கே கேட்கும் உரிமை. குடத்துக்குப் பதில் செங்கல்லையும் செங்கல்லுக்குப் பதில் அறுந்த செருப்பையும் போட்டு இடம் பிடிக்கிற வழக்கம் அந்தத் தெருவில் நெடுநாளாக உண்டு. செருப்புக்கு இடம் உண்டு, கேள்வி கிடையாது என்று தீர்மானித்தார்கள். வாரம் முழுக்க ஆலையில் முறத்தோடு உட்கார்ந்து, இந்தத் தடவை எதைக் கேட்பது என்று பேசிப் பேசி, சொத்தையை ஒதுக்குகிற மாதிரி வீண் கேள்விகளைப் புடைத்துத் தள்ளினார்கள். வெளியூர் போன மருமகன் எப்போது திரும்புவான் என்று ஒருத்தி கேட்டதற்குக் குழாய் வெறுமனே இருமிவிட்டுச் செம்மண்ணைத் துப்பியது. அதிலிருந்து, ஏன் என்றால் சொல்லும், எப்போது என்றால் துப்பும் என்பதைத் தெரிந்துகொண்டார்கள். குழாய்க்குக் குங்குமம் வைத்த ஒருத்தி, நீ சாமியா என்று கேட்டாள். "நான் குழாயில் அடைபட்ட காற்று," என்றது அது. அவள், சரி இருக்கட்டும் என்று அடுத்த வாரமும் குங்குமம் வைத்தாள்.

விடியற்காலையில் வெண்கலச் சொம்பு சில்லென்று இருக்கிறது, பக்கத்தில் கிடக்கும் மரப்பலகை ஏன் அப்படி இல்லை என்று கேட்டார்கள். இரண்டும் ஒரே குளிர்தான், சொம்பு உன் கைச்சூட்டை வேகமாக எடுத்துக்கொள்கிறது, பலகை மெதுவாக எடுக்கிறது என்றது. பஸ்ஸில் போனால் நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்டார்கள். மரம் கிட்டே இருக்கிறது, நீ கொஞ்சம் நகர்ந்தாலும் அது பின்னால் போய்விடும், நிலா இருக்கும் தூரத்துக்கு நீ நகர்ந்ததெல்லாம் நகர்ந்ததே இல்லை என்றது. துவரை அமோகமாக விளைந்த வருஷத்தில் விளைவித்தவன் ஏன் கடனாளியாகிறான் என்று கேட்டார்கள். அவனால் காத்திருக்க முடியாது, வாங்குகிறவனால் முடியும் என்றது. ஆண்களும் வந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, தங்கள் கேள்வியைப் பெண்டாட்டி மூலமாகக் கேட்டார்கள். ஒரு முதல் குடத்துக்காக அதுவரை சமைத்தே இராத ஒருவன் அன்றைக்குச் சமையல் செய்தான் என்றும் சொன்னார்கள்.

நாகஜோதியின் குடத்துக்கு இப்போது யாரும் இடம் விட்டுவைக்கவில்லை. அவளை மறுபடியும் பேச்சி மகள் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கூப்பிட்டவர்கள் மனதில் ஒரு கெடுதலும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், அதுதான் இன்னும் வலித்தது.

"அது சொல்றது பாதிதாங்க்கா," என்று ஒருநாள் சந்தனமாரியிடம் சொன்னாள். "பொங்குறதுக்குப் பரப்பு இழுவிசைன்னு ஒன்னு இருக்கு. அத விட்டுட்டுச் சொல்லுது."

"பாதி போதும் எனக்கு," என்றாள் சந்தனமாரி. "முழுசையும் வாங்கிட்டுப் போயி எங்க கொட்ட ஆத்தா?"

வீட்டில் யாரும் இல்லாதபோது நாகஜோதி குழாய் மாதிரி பேசிப் பார்த்தாள். வாயைத் திறந்தால் பொதுவாக என்றும் பெரும்பாலும் என்றும் சில சமயங்களில் என்றும்தான் முதலில் வந்தது. அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டால் பொய் சொல்கிற மாதிரி இருந்தது, வைத்துக்கொண்டால் கேட்கிறவர்கள் கண் குடத்துப் பக்கம் போய்விடும் என்று தெரிந்தது. மத்தியானத்தில், தெரு வெறிச்சென்று கிடக்கும் நேரத்தில், காய்ந்து நிற்கும் குழாயை அவள் போய்ப் பார்ப்பாள். அது விடுதியில் தங்கி ஊறுகாயைத் தொட்டுச் சோறு தின்றதில்லை. அரியர் விழுமோ என்று பயந்து ராத்திரி முழுக்க விழித்துப் படித்ததில்லை. அதற்காக எவளும் ஆலையில் இரண்டு ஷிப்டு புடைத்து, தூசியில் இருமி இருமிப் பணம் அனுப்பியதில்லை. வாயைத் தவிர வேறு எதுவுமே இல்லாத ஒரு பித்தளைத் துண்டு அது. அதன் நெற்றியில் இருந்த குங்குமத்தை அவள் ஒருநாள் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று வீடு போய்ச் சேரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

பிறகு, சந்தனமாரியின் முறை வந்தது. அவள் குடத்தை வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"மூட்டை தூக்குற ஆம்பளைக்கும், பொடைக்கிற எனக்கும் ஒரே சங்குதான் ஊதுது. ஒரே நேரந்தான் வேலை. கூலி மட்டும் ஏன் பாதி?"

"கூலியை முதலில் முடிவு செய்தவர்கள், அடுப்பு எரிவது ஆணின் கூலியில் என்றும், உப்பு வாங்குவது பெண்ணின் கூலியில் என்றும் நினைத்துக்கொண்டார்கள்," என்றது குழாய். "அதற்குப் பிறகு யாரும் திரும்பக் கேட்கவில்லை."

அந்த வாரம் அவர்கள் ஆலையில் திரும்பக் கேட்டார்கள். எல்லா முறங்களையும் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டார்கள். பாதி என்பது முழுதாகவில்லை, ஆனால் பாதியாகவும் இல்லை.

அந்தக் கேள்விதான் நாகஜோதியைத் தூங்கவிடாமல் செய்தது. கூலி உயர்ந்ததில் அவளுக்கும் சந்தோஷம்தான், அம்மாவுக்கும் சேர்த்துத்தான் உயர்ந்தது. ஆனால் இத்தனை நாளும் தன்னிடம் செல்போனையும் காக்காயையும் கேட்டவர்கள் இதை ஒருநாளும் கேட்டதில்லையே என்பதை அவள் அப்போதுதான் கண்டுகொண்டாள். பெரிய கேள்வியை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு சில்லறையை மட்டும் தன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. குழாய் பேசத் தொடங்கியவுடன் மடியை அவிழ்த்துவிட்டார்கள்.

அடுத்த முறை அவள் முந்தின நாள் மத்தியானமே குடத்தை வைத்து, வெயிலில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, முதல் இடத்தைப் பிடித்தாள். விடிந்ததும் தெருவுக்கே கேட்கும்படி, குழாயால் சொல்ல முடியாது என்று அவள் நம்பிய ஒன்றைக் கேட்டாள்.

"ஒளி அலையா, துகளா?"

"நீ எப்படிக் கேட்கிறாயோ, அப்படி இருந்து காட்டும்," என்றது குழாய், ஒரு மூச்சு மிச்சம் வைத்து.

அவளுடைய பேராசிரியர் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்து அவளுக்குப் பாதி புரிந்திருந்தது அதுதான். பின்னாலிருந்து குருவம்மாள், "ஒரு வாரத்துக் கேள்வியத் தண்டமாக்கிட்டியே தாயி," என்றாள். "என் இடுப்பப் பத்திக் கேக்கலாம்னு எனக்கு இடம் விடச் சொல்லியிருந்தேன், அதையும் நீ விடல."

அடுத்த முறையும் முதல் குடம் நாகஜோதியுடையதுதான். சந்தனமாரி, "படிச்ச பிள்ள, ரெண்டாந் தடவையும் தண்டமாக்காது," என்று சொல்லி மற்றவர்களைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். குழாய் இரும ஆரம்பித்தது. நாகஜோதி குனிந்து, அதன் வாய்க்கு மிக அருகில் போய், மெல்லிய குரலில் கேட்டாள்.

"எதனால் உன் பேச்சு நின்றுபோகும்?"

குழாய்க்கு ரகசியம் பேசத் தெரியாது. எல்லோருக்கும் கேட்கும்படிதான் அது பதில் சொன்னது.

"குழாய் காலியாகக் கிடந்தால்தான் எனக்கு உள்ளே இடம். பகலும் இரவும் அதில் தண்ணீர் நின்றால் நான் இல்லை."

இது இயற்பியல் படித்த தனக்கே தெரிந்திருக்க வேண்டும், இதையும் அது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று அவளுக்குக் காது சூடானது. ஆனால் குடம் நிரம்புவதற்குள் அவள் மனது வேறொன்றைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. சந்தைப் பக்கத்தில் நகராட்சி புதிதாகக் கட்டிய உயரமான தண்ணீர்த்தொட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து மேட்டுத் தெருவுக்கு எந்நேரமும் தண்ணீர் போனது. அங்கிருந்து ஒரு குழாயைக் கிடங்குத் தெருவரை நீட்டினால் போதும்.

அன்றைக்கே மனு எழுதினாள். எங்கள் தெருவுக்கும் எந்நேரமும் தண்ணீர் வேண்டும் என்று அழகான கையெழுத்தில் எழுதி, வீடு வீடாகக் கையெழுத்துக் கேட்டுப் போனாள். தெரு இரண்டாகப் பிரிந்தது. "எனக்குப் பதிலு வேண்டாம், இடுப்புத்தான் வேணும், ஒரு வாரத் தண்ணிய ஒரே நாள்ல சொமக்க முடியல," என்று குருவம்மாள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். "தண்ணிய இன்னைக்குக் குடிச்சா இன்னைக்கே தீந்துரும்," என்று மறுத்தாள் சந்தனமாரி. "கூலி விஷயத்துல அது சொன்னது இன்னும் தீரல." அவள் நாகஜோதியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏத்தா, நெசமாச் சொல்லு. நீ தண்ணிக்காகத்தான் அலையுறியா?"

"ஆமாங்க்கா," என்றாள் நாகஜோதி.

"அப்ப ஏன் கீழ பாக்குற?"

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். பேச்சியம்மாள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து தலையில் படிந்திருந்த பருப்புத் தூசியைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தாள். மனுவை வாங்கி, எழுத்துக் கூட்டி, முதல் வரியை மட்டும் படித்தாள்.

"அந்தக் கொழாயப் பாத்தா உனக்கு ஏன் வயிறு எரியுது?"

"எரியல."

"குங்குமத்த அழிச்சது நீதான?"

அம்மா பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

"எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது," என்றாள். "தண்ணி வரட்டும்."

கவுன்சிலர் தவசிலிங்கம் மனுவைத் தொடவே இல்லை. பேசுகிற குழாய் தன் வார்டில் இருப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து, காய்ந்த குழாயைக் காட்டி, அது போன வாரம் என்ன சொன்னது என்று தானே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்கயும் கெடைக்கும் தாயி," என்றார். "பதிலு எங்க கெடைக்கும்?"

"தண்ணி எங்க கெடைக்குது அண்ணாச்சி?" என்று கேட்டாள் நாகஜோதி. "எங்க தெருவுல கெடைக்கலையே."

"படிச்ச பிள்ள, அறிவ வேண்டாங்கிறியே. ஒனக்கே நல்லாருக்கா?"

நல்லாயில்லைதான். ஆனாலும் அவள் நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். அலுவலகம் திறக்கும் முன்னாலேயே போய் வாசலில் நின்றாள். மேஜையிலிருந்து மேஜைக்கு மனு போன வழியெல்லாம் கூடவே போனாள். குழாயின் விட்டம் என்ன, அழுத்தம் எவ்வளவு, எந்த முனையிலிருந்து நீட்டினால் செலவு குறையும் என்று தாளில் வரைந்து காட்டினாள். பொதுவாக, பெரும்பாலும், சில சமயங்களில் என்ற அவளுடைய வார்த்தைகளுக்கு அந்த அலுவலகத்தில் மட்டும் மரியாதை இருந்தது, ஏனென்றால் அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். ராத்திரியானால் அவள் கண்ணுக்குள் அந்தப் பித்தளை வாய் திறந்துகொண்டு நிற்கும், காலையில் எழுந்து மறுபடியும் நடப்பாள். பசியால் நடந்தவர்களுக்குக்கூட அவ்வளவு நடக்கத் தெம்பு இருந்திராது. கடைசியில் பொறியாளர், "இந்தப் பொண்ணு முகத்தத் தெனமும் பாக்குறதுக்குப் பதிலாக் கொழாயே போட்டுக் குடுத்துரலாம்," என்று கையெழுத்துப் போட்டார்.

கிடங்குத் தெருவில் பள்ளம் வெட்டினார்கள், குழாய் பதித்தார்கள், மூடினார்கள். முதல் நாள் எல்லோரும் பழக்கத்தில் விடியும் முன்னே வந்து வரிசையில் நின்றார்கள். குழாயைத் திறந்தார்கள். அது இருமவில்லை, சீறவில்லை, கனைக்கவில்லை. திறந்த மாத்திரத்தில் தண்ணீர் வெள்ளையாக விழுந்தது. முதல் குடத்துக்காரி கேள்வியை வாயில் வைத்துக்கொண்டே குடத்தைத் தூக்கினாள். சந்தனமாரி தன் முறை வந்தபோது கொஞ்சம் அழுதாள், அழுதுகொண்டே குடத்தை விளிம்புவரை நிரப்பினாள். மறுநாள் வரிசை பாதியானது. அதற்கு மறுநாள் வரிசையே இல்லை, வேண்டும் என்கிறபோது வேண்டியவர்கள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். குருவம்மாள் இடுப்பு வலிக்காகக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டாள். தவசிலிங்கம் உடனே தன் படத்தைப் பெரிதாகவும் நாகஜோதியின் படத்தைச் சிறிதாகவும் போட்டு ஒரு பேனர் வைத்தார்.

நாகஜோதி வாசலில் உட்கார்ந்து காத்திருந்தாள். போகிறவர்கள் நின்று, கையைப் பிடித்து, நீ நல்லாயிருப்ப தாயி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் நாளாக நாளாகத்தான் புரிந்துகொண்டாள், கேள்விகளெல்லாம் அந்த வரிசையில்தான் குடியிருந்திருக்கின்றன. காலடியில் வெறுங்குடத்தை வைத்துக்கொண்டு, கையில் வேலை ஒன்றும் இல்லாமல் நிற்கும்போதுதான் மனிதர்களுக்கு நிலா ஏன் கூடவே வருகிறது என்று தோன்றுகிறது. இப்போது யாரும் அப்படி நிற்கவில்லை.

கொஞ்ச நாளில் ஓடைத் தெருக் குழாய் பேசுகிறது என்று செய்தி வந்தது. அங்கேயும் வாரத்துக்கு ஒரு தரம்தான் தண்ணீர். கிடங்குத் தெருப் பெண்கள், வீட்டில் தண்ணீர் நிறைந்திருக்க, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிற மாதிரி அங்கே போனார்கள். போகிறவர்கள் முகத்தில் இருந்த துடிப்பை நாகஜோதி வாசலிலிருந்து பார்த்தாள். அன்று சாயங்காலம் ஓடைத் தெருவுக்காக ஒரு மனு எழுதினாள்.

ஓடைத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது, குழாய் வாயடைத்தது. லாடக்காரர் தெருவில் பேச்சுக் கேட்டது, அவள் அங்கே போனாள். லாடக்காரர் தெரு, மணியகாரர் சந்து, ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம், பழைய கசாப்புக்கடைப் பாதை என்று பேச்சு காய்ந்த தெருவாகப் பார்த்துப் பார்த்து ஓட, அவளும் விடாமல் பின்னாலேயே போக, அவளுக்குப் பின்னாலேயே தண்ணீரும் போனது. நத்தக்குளத்துக்கு எந்நேரமும் தண்ணீர் வந்தது எப்படி என்று இன்றைக்கு யாராவது கேட்டால் இதுதான் அதற்கு எளிய விளக்கம். ஒவ்வொரு தெருவிலும் அவளைத் திட்டினார்கள், ஒவ்வொரு தெருவிலும் குடித்தார்கள். தேர்வு முடிவு வந்ததையும், அதில் தன் எண் இல்லாததையும் அவள் ஏதோ ஒரு மனுவுக்கு நடுவில்தான் பார்த்தாள்.

கடைசியில் மிஞ்சியது பாறைக்காடு. ஊரின் வடக்கு ஓரத்தில், ஒரு சரிந்த பாறையின் மேலே ஒட்டிக்கொண்டிருந்த சில வீடுகள். அங்கேயும் குழாய் பதித்தாகிவிட்டது, திறந்துவிட நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள், பழைய முறையில் கடைசியாகத் தண்ணீர் வரும் காலையில், நாகஜோதி தன் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

முதல் குடத்துக்காரியின் பெயர் வெள்ளைத்தாய். கல்லுடைக்கப் போகிறவள். நாகஜோதியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்கதான மனு எழுதுனவுக? முன்னால வாங்க. எனக்குக் கேக்க ஒன்னும் இல்ல, நாளையிலருந்துதான் தண்ணி வருதே. நீங்க கேளுங்க."

யாரும் மறுக்கவில்லை. நாகஜோதி முன்னால் போய்க் குடத்தை வைத்தாள். குழாய் இரும ஆரம்பித்தது. இனி அந்த ஊரில் அதற்கு ஒதுங்க ஒரு காலிக் குழாய்கூட இல்லை என்பது அதற்கும் தெரிந்திருக்கும், ஆனால் அதன் சீறலில் அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. அவள் இத்தனை தெருக்களையும் கடந்து கொண்டுவந்த கேள்வியைக் கேட்டாள்.

"அவங்க ஏன் உன்கிட்ட கேட்டாங்க? ஏன் என்கிட்ட கேக்கல?"

"உன்னிடம் கேட்டால், தங்களுக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்துவிடும்," என்றது குழாய். "மறுநாள் நீ தெருவில் எதிரே வருவாய். நான் வரமாட்டேன்."

செம்மண் நிறத்தில் ஒரு வாய் தண்ணீர் துப்பியது. பிறகு தெளிந்து விழுந்தது.

"என்ன சொல்லுச்சு?" என்று, காதில் விழாத தூரத்தில் கீழே நின்ற ஒருத்தி கேட்டாள். நாகஜோதிக்கு வேறு எதையாவது சொல்லிவிடலாம் என்றிருந்தது. ஆனால் சொன்னதை மாற்றாமல், ஒன்றும் சேர்க்காமல், அப்படியே சொன்னாள். வெள்ளைத்தாய் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"சரிதான," என்றாள்.

அதற்குள் குடம் சாய்ந்தது. சரிந்த பாறையில் பாதி நிரம்பியதும் அது உருண்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு, அவள் காலில் வந்து இடித்தது. எடுத்து நிறுத்தினாள், மறுபடியும் சாய்ந்தது. இன்னொரு பக்கமாகத் திருப்பி வைத்தாள், அப்படியும் சாய்ந்தது. வரிசையில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் இத்தனை வருஷத்தில் எந்த வரிசையிலும் சொல்லியிராததைச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்குத் தெரியல," என்றாள். "இந்தப் பாறையில கொடத்த எப்பிடி நிக்க வைக்கிறீங்க?"

வெள்ளைத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது."

வெள்ளைத்தாய் தன் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து நீட்டினாள். "பள்ளத்துப் பக்கமா முட்டுக் குடுங்க. மேட்டுப் பக்கம் வச்சா இன்னும் கவுந்துரும்."

நாகஜோதி மண்டியிட்டு, துணியைச் சுருட்டிப் பள்ளத்துப் பக்கமாகக் குடத்தின் அடியில் செருகினாள். வெள்ளைத்தாய் சிரிப்பை அடக்க முடியாமல் பின்னால் திரும்பி, இவுகளுக்குக் கொடம் வைக்கத் தெரியல என்றாள். அவள் சொன்னது அடுத்தவளுக்குப் போனது, அவள் சிரித்துக்கொண்டே அதற்கடுத்தவளுக்குச் சொன்னாள், அவள் தன் பின்னால் நின்றவளுக்குச் சொன்னாள். குடம் நிரம்பிக்கொண்டிருக்க, வாய்க்கு வாய் மாறி அந்தப் பேச்சு பாறையின் அடிவாரம் வரைக்கும் இறங்கி, வரிசையின் கடைசி ஆளைப் போய்ச் சேர்கிறவரைக்கும் நாகஜோதி கேட்டுக்கொண்டு நின்றாள்.